குடகர் துப்பாக்கி உரிம விலக்கு

குடகர் துப்பாக்கி உரிம விலக்கு என்பது, இந்தியாவின் கருநாடக மாநிலத்தில் உள்ள குடகு மாவட்டத்தைச் சேர்ந்த கொடவர் இனத்தவரும், அம்மாவட்டத்தில் "ஜம்மா" எனப்படும் மரபுவழி நில உரிமை உடையோரும் உரிமம் பெறாமலேயே சில வகைத் துப்பாக்கிகளை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் அளிக்கப்பட்டுள்ள சட்டச் சலுகை ஆகும். இந்தியாவில் பொதுமக்கள் துப்பாக்கி வைத்திருக்க வேண்டுமாயின் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற வேண்டும். ஒரு சமூகத்தில் பிறந்தவர் என்பதாலோ ஒரு வகை நிலத்தை உடையவர் என்பதாலோ அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கப்படுவது மிக அரிதான ஒன்றாகும்.

இச்சலுகையின் வேர்கள் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில், 1861-ஆம் ஆண்டில் உள்ளன. விடுதலைக்குப் பின்னரும் இந்திய அரசு இதனைத் தொடர்ந்தது. 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று வெளியிடப்பட்ட அறிவிக்கை இவ்விலக்கை 2029-ஆம் ஆண்டு அக்டோபர் 31 வரை நீட்டித்தது. இதனை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், 2021-ஆம் ஆண்டு கருநாடக உயர் நீதிமன்றம் விலக்கு செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

பின்னணி

குடகு மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்த மலைநாடாகும். இதன் பரப்பளவு ஏறத்தாழ 4,102 சதுர கிலோமீட்டர். தலைநகர் மடிக்கேரி. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தின் மக்கள்தொகை 5,54,519 ஆகும். தமிழகத்தின் நெல்வயல்களுக்கு நீர் தரும் காவிரி ஆறு இங்குள்ள தலைக்காவிரியில் தோன்றுகிறது. காப்பியும் மிளகும் நெல்லும் இங்கு முதன்மைப் பயிர்கள்.

கொடவர்கள் இம்மலைநாட்டின் தொன்மையான குடிகளுள் ஒரு பிரிவினர். தமிழில் இவர்களைக் குடகர் என்றும் கூறுவர். இவர்கள் பேசும் கொடவ தக்கு தென்திராவிட மொழிகளுள் ஒன்று. தமிழ், மலையாளம் ஆகியவற்றோடு இதற்கு நெருங்கிய உறவு உண்டு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,13,857 பேர் இதனைத் தம் தாய்மொழியாகக் குறிப்பிட்டிருந்தனர். தந்தைவழிக் குலம் "ஒக்க" என அழைக்கப்படுகிறது. ஒவ்வோர் ஒக்கத்துக்கும் "ஐன்மனை" எனப்படும் மூதாதையர் வீடு ஒன்று உண்டு. அதன் உறுப்பினர்கள் திருவிழாக்களின்போது அவ்வீட்டில் கூடுவர்.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1834 வரை குடகை ஆலேரி மரபைச் சேர்ந்த லிங்காயத மன்னர்கள் ஆண்டனர். மன்னரிடம் பெரிய நிலைப்படை இருக்கவில்லை. போர் வந்தபோது உழவர்களே ஆயுதம் ஏந்தினர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் படைகளுக்கு எதிராக நடந்த நீண்ட போர்களில் இம்மக்கள்படை முக்கியப் பங்கு வகித்தது.

ஜம்மா நில உரிமை

துப்பாக்கி விலக்கைப் புரிந்துகொள்வதற்கு ஜம்மா நிலமுறையைப் பற்றி அறிதல் வேண்டும். "ஜம்மா" என்னும் சொல் பிறப்பைக் குறிக்கும் "ஜன்ம" என்னும் வடசொல்லிலிருந்து வந்ததாகும். பிறப்பின் வழியே தலைமுறை தலைமுறையாகத் தொடரும் நில உரிமை என்பது இதன் பொருள்.

இம்முறையின்கீழ் மன்னர் ஒரு குடும்பத்துக்கு நெல்வயலையும் அதனை ஒட்டிய காட்டு நிலத்தையும் அளித்தார். "சாகு" எனப்பட்ட சாதாரண நிலத்துக்கு விதிக்கப்பட்ட வரியில் ஏறத்தாழப் பாதியே ஜம்மா நிலத்துக்கு விதிக்கப்பட்டது. இதற்கு ஈடாக, அக்குடும்பத்தினர் அழைக்கப்படும்போது படைப்பணியும் காவற்பணியும் ஆற்றக் கடமைப்பட்டிருந்தனர். ஆகவே அக்குடும்பத்தின் கையில் ஆயுதம் இருத்தல் அந்நில உரிமையின் ஒரு கூறாகவே கருதப்பட்டது. அதாவது நிலம், பணி, ஆயுதம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன.

ஜம்மா நிலங்கள் கொடவர்களுக்கு மட்டும் உரியனவாக இருக்கவில்லை. அரெபாசெ கவுடர் உள்ளிட்ட வேறு சில சமூகத்தினரும் இந்நிலங்களைப் பெற்றிருந்தனர். இதனாலேயே இன்றைய விலக்கிலும் "கூர்க் இனத்தைச் சேர்ந்தவர்", "ஜம்மா நில உரிமையாளர்" என இரு தனித்தனி வகையினர் குறிப்பிடப்படுகின்றனர்.

வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சியும் 1837 கிளர்ச்சியும்

1834-ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, குடகின் கடைசி மன்னரான சிக்க வீரராசேந்திரனை அரியணையிலிருந்து நீக்கி நாட்டைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. ஜம்மா முறையை மட்டும் அது பெரும்பாலும் மாற்றாமல் விட்டது.

மூன்று ஆண்டுகளுக்குள், 1837-இல், சுள்ளியப் பகுதியிலும் குடகிலும் கம்பெனிக்கு எதிரான கிளர்ச்சி வெடித்தது. இதில் பங்கேற்ற குட்டெமனெ அப்பையா கவுடர் 1837 அக்டோபர் 31 அன்று மடிக்கேரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். அதே வேளையில், கொடவத் தலைவர்கள் பலர் கிளர்ச்சியை அடக்குவதற்குக் கம்பெனிக்குத் துணைநின்றனர். அவ்வாறு துணைநின்றோருக்குக் கம்பெனி பொன்னிலும் வெள்ளியிலும் பதக்கங்களை வழங்கியது. பின்னாளில் குடகர்களின் "விசுவாசம்" பற்றி ஆங்கிலேய அதிகாரிகள் எழுதியபோது இந்நிகழ்வையே முதன்மைச் சான்றாகக் கொண்டனர்.

1861 அறிவிப்பு

1857-ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சிக்குப் பின்னர், மக்களிடம் உள்ள ஆயுதங்களைக் களைவதற்கான சட்டங்களை ஆங்கிலேய அரசு இயற்றியது. அப்பொழுது மைசூருக்கும் குடகுக்கும் ஆணையராக இருந்தவர் மார்க் கப்பன். 1834 முதல் 1861 வரை அப்பதவியில் இருந்த இவரது பெயரையே பெங்களூரின் கப்பன் பூங்கா தாங்கியுள்ளது. இவர் 1861 பிப்ரவரியில், பதவியை விட்டு விலகுவதற்குச் சற்று முன்னர், குடகர்களை ஆயுதக் களைவுச் சட்டத்திலிருந்து விலக்கி அறிவிப்பு ஒன்றை வெளியிட்டார். குடகர்களின் வீரத்தையும் நேர்மையையும் ஆட்சியாளரிடம் அவர்கள் காட்டிய பற்றையும் அவ்வறிவிப்பு காரணமாகச் சுட்டியது.

இந்தியாவின் பிற பகுதிகளில் ஆட்சியாளர்கள் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டிருந்த காலத்தில் இவ்விலக்கு அளிக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. ஒரு சமூகத்தை "நம்பத்தக்க போர்க்குடி" என வகைப்படுத்தி மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும் குடியேற்றவாத ஆட்சிமுறையின் ஓர் எடுத்துக்காட்டாகவும் இதனைக் காணலாம்.

1878 முதல் 1959 வரை

லிட்டன் பிரபு இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்தபோது 1878-இல் இந்திய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. இதன்படி இந்தியர்கள் ஆயுதம் வைத்திருக்க உரிமம் பெற வேண்டியிருந்தது. ஐரோப்பியர்களோ விதிகளின் வாயிலாக விலக்கப்பட்டனர். இந்த வேறுபாடு இந்திய தேசியத் தலைவர்களால் கடுமையாக எதிர்க்கப்பட்டது. குடகர்களுக்கான விலக்கு இச்சட்டத்தின் காலத்திலும் தொடர்ந்தது.

விடுதலைக்குப் பின்னர் குடகு சிறிது காலம் தனி மாநிலமாக இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலத்தோடு இணைக்கப்பட்டது. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1963-இல் நடுவண் அரசு வெளியிட்ட அறிவிக்கையின் மூலம் குடகர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் புதிய சட்டத்தின் கீழும் விலக்கு அளிக்கப்பட்டது.

சட்ட அடிப்படை

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் இவ்விலக்கோடு தொடர்புடைய பிரிவுகள் பின்வருமாறு:

பிரிவு 3: உரிமம் இன்றித் துப்பாக்கியையோ தோட்டாக்களையோ பெறுவதும் வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும் கூடாது என்கிறது.

பிரிவு 4: அரசு அறிவிக்கும் பகுதிகளில், குறிப்பிட்ட வகையைச் சேர்ந்த பிற ஆயுதங்களுக்கும் (வாள் போன்றவை) உரிமம் தேவை என்கிறது.

பிரிவு 41: பொதுநலன் கருதி எந்த ஒரு நபரையோ நபர்களின் வகுப்பையோ இச்சட்டத்தின் அனைத்துப் பிரிவுகளிலிருந்தோ சில பிரிவுகளிலிருந்தோ விலக்க நடுவண் அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. விலக்குக்கு நிபந்தனைகள் விதிக்கலாம். அளித்த விலக்கை மற்றோர் அறிவிக்கையின் மூலம் திரும்பப் பெறவும் செய்யலாம்.

குடகர்களுக்கான விலக்கு பிரிவு 41-இன் கீழ் அளிக்கப்பட்டு, பிரிவுகள் 3, 4 ஆகியவற்றுக்கு மட்டும் பொருந்துகிறது. எனவே இது அரசியலமைப்புச் சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை அன்று. நாடாளுமன்றம் தனியே இயற்றிய சட்டமும் அன்று. நடுவண் அரசின் நிர்வாக ஆணையால் நிலைபெற்றிருக்கும் ஒரு சலுகையாகும்.

நிபந்தனைகளும் நடைமுறையும்

ரைபிள், இரட்டைக்குழல் துப்பாக்கி, கைத்துப்பாக்கி ஆகியன பொதுவாக இவ்விலக்கின் கீழ் வைத்திருக்கப்படும் ஆயுதங்களாகும். தானியங்கித் துப்பாக்கிகள் போன்ற தடை செய்யப்பட்ட ஆயுதங்கள் சட்டத்தின் வேறொரு பிரிவின் கீழ் வருவதால் அவற்றுக்கு இவ்விலக்கு பொருந்தாது. அதுபோலவே துப்பாக்கிகளைத் தயாரித்தல், விற்பனை செய்தல் ஆகியவற்றுக்கு எல்லோரையும் போலவே உரிமம் பெறுதல் வேண்டும்.

விலக்குப் பெற்ற ஒருவர் குடகு மாவட்டத்துக்கு வெளியே வசிக்கும்போதோ பயணம் செய்யும்போதோ எடுத்துச் செல்லும் ஆயுதங்களுக்கு 1963-ஆம் ஆண்டின் அறிவிக்கை உச்சவரம்பு விதித்தது. ஒரு ரைபிளும் அதற்குரிய 100 தோட்டாக்களும், புரியிடப்படாத குழல் கொண்ட ஒரு துப்பாக்கியும் அதற்குரிய 500 தோட்டாக்களும் அல்லது அவற்றுக்கு ஈடான ஈயக்குண்டும் வெடிமருந்துமே அந்த வரம்பாகும்.

நடைமுறையில், விலக்குக்கு உரியவர் மாவட்டத் துணை ஆணையரின் அலுவலகத்தில் விலக்குச் சான்றிதழ் பெறுகிறார். (கருநாடகத்தின் துணை ஆணையர் என்பவர் தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியருக்கு இணையான அதிகாரி ஆவார்.) கொடவர் எனில் இனத்துக்கான சான்றும், ஜம்மா உரிமையாளர் எனில் நில ஆவணங்களும் ஆராயப்படுகின்றன. துப்பாக்கி வாங்கும்போதும் தோட்டா வாங்கும்போதும் காவல்துறையினர் கேட்கும்போதும் இச்சான்றிதழே உரிமத்துக்குப் பதிலாகக் காட்டப்படுகிறது. எனவே "உரிமம் தேவையில்லை" என்பதற்கு "பதிவே இல்லை" என்பது பொருளன்று.

பண்பாட்டில் துப்பாக்கி

கொடவ தக்கு மொழியில் துப்பாக்கிக்குத் "தோக்கு" என்று பெயர். பிறப்பு, அறுவடை, இறப்பு ஆகிய வாழ்வின் முக்கிய நிகழ்வுகள் அனைத்திலும் அதற்கு இடமுண்டு.

பிறப்பும் இறப்பும்: ஆண் குழந்தை பிறந்தால் வானை நோக்கி ஒருமுறை சுடுவது மரபு. குடும்பத்தில் ஒருவர் இறந்தால் அடுத்தடுத்து இருமுறை சுடுவர். வீடுகள் தோட்டங்களுக்கிடையே ஒன்றுக்கொன்று தொலைவில் அமைந்த மலைநாட்டில், வெடியொலியின் எண்ணிக்கையே அண்டை வீட்டாருக்குச் செய்தியாக அமைந்தது. இரண்டு வெடியொலிகளைக் கேட்டவர்கள் வேலையை விட்டுவிட்டு அத்திசை நோக்கிச் செல்வர்.

கைல்போள்து: இது ஆயுதங்களுக்கான திருவிழா. பொதுவாகச் செப்டம்பர் 3-ஆம் நாளையொட்டிக் கொண்டாடப்படுகிறது. நாற்று நடவுக் காலத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஆயுதங்கள் நடவு முடிந்தபின் வெளியே எடுக்கப்பட்டுத் துடைத்துத் தூய்மை செய்யப்பட்டு, வீட்டின் வழிபாட்டு அறையில் வைத்து வணங்கப்படுகின்றன. துப்பாக்கிகளோடு "ஒடிக்கத்தி" எனப்படும் அகன்ற போர்க்கத்தியும் "பீச்சேகத்தி" எனப்படும் குறுவாளும் வைக்கப்படும். துப்பாக்கிகளின் முனையில் "தோக்குப்பூ" சூட்டப்படுகிறது. துப்பாக்கிப்பூ எனப் பொருள்படும் இம்மலர் தமிழர்கள் நன்கறிந்த செங்காந்தள் மலரேயாகும். வழிபாட்டுக்குப் பின்னர் ஊர்ப் பொதுத்திடலில் விளையாட்டுகள் நடைபெறும். உயர்ந்த மரத்தில் கட்டிய தேங்காயைச் சுட்டு வீழ்த்தும் போட்டி இவற்றுள் புகழ்பெற்றது. இவ்வாறான போட்டிகளில் பெண்களும் கலந்துகொள்கின்றனர்.

புத்தரி: புதிய அரிசி எனப் பொருள்படும் இவ்வறுவடைத் திருநாள் நவம்பர் அல்லது டிசம்பர் மாதத்தில் முழுநிலவையொட்டி வருகிறது. குறிக்கப்பட்ட நல்ல நேரத்தில் முதல் நெற்கதிரை அறுக்கும்போது வானை நோக்கிச் சுடுவர்.

வேட்டை: பழங்காலத்தில் புலியைக் கொன்றவருக்கு "நரி மங்கல" என்னும் சடங்கு நடத்தப்பட்டது. கொடவ மொழியில் நரி என்பது புலியைக் குறிக்கும் சொல்லாகும். திருமணச் சடங்கை ஒத்த இந்நிகழ்வில் வேட்டையாடியவர் மணமகனைப் போல் அமர்த்தப்பட்டுப் போற்றப்பட்டார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை தடை செய்யப்பட்டுள்ள நிலையில் இது இன்று பழைய நினைவாகவே எஞ்சியுள்ளது.

படைத்துறையில் பணியாற்றும் மரபும் இச்சமூகத்தில் வலுவாக உள்ளது. 1949 சனவரி 15 அன்று இந்தியத் தரைப்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரான கே. எம். கரியப்பா, 1957 முதல் 1961 வரை தரைப்படைத் தலைவராக இருந்த கே. எஸ். திம்மையா ஆகிய இருவரும் கொடவர்களே.

2019 அறிவிக்கையும் 2021 தீர்ப்பும்

2019 அக்டோபர் 29 அன்று நடுவண் அரசு புதிய அறிவிக்கையை வெளியிட்டது. விலக்கைப் பத்தாண்டுக் காலத்துக்கு மட்டும் வரையறுத்தமை இவ்வறிவிக்கையின் குறிப்பிடத்தக்க கூறாகும். இவ்விலக்கின் கீழ் வைத்திருக்கப்படும் துப்பாக்கிகள் குற்றச் செயல்களுக்கோ நாட்டுக்கு எதிரான செயல்களுக்கோ பயன்படுத்தப்பட்டதில்லை என்பதை நீட்டிப்புக்கான காரணமாக அரசுத் தரப்பு கூறியது.

இவ்விலக்கை எதிர்த்து, குடகைச் சேர்ந்த ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவர் கருநாடக உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். இனத்தின் அடிப்படையிலும் மூதாதையர் நில உரிமையின் அடிப்படையிலும் ஒரு பிரிவினருக்கு மட்டும் சலுகை அளிப்பது, சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்னும் அரசியலமைப்பின் 14-ஆம் உறுப்புக்கு முரணானது என்பது அவரது வாதங்களுள் முதன்மையானது. ஆங்கிலேயர் தம் ஆட்சி நலனுக்காக அளித்த சலுகையைக் குடியரசு ஏன் தொடர வேண்டும் என்னும் கேள்வியும் இதனோடு எழுந்தது.

2021 செப்டம்பரில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு வழக்கைத் தள்ளுபடி செய்தது. கொடவர்கள் போர்மரபு கொண்ட சமூகத்தினர் என்பதும், விடுதலைக்கு முந்தைய காலத்திலிருந்தே இச்சலுகையைப் பெற்று வருபவர்கள் என்பதும், ஜம்மா உரிமையாளர்களுக்கும் இது நெடுங்காலமாக உள்ளது என்பதும் தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டன. விலக்கு காலவரையறை இன்றி அளிக்கப்படவில்லை, பத்தாண்டுகளுக்கே அளிக்கப்பட்டுள்ளது, நிபந்தனைகளுக்கும் உட்பட்டது என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது.

விவாதங்கள்

ஆதரவான கருத்துகள்

துப்பாக்கி தம் சமயச் சடங்குகளில் இடம்பெறும் வழிபாட்டுப் பொருள் என்பது கொடவர்களின் முதன்மை வாதம். ஐன்மனையில் வணங்கப்படும் மூதாதையரின் ஆயுதத்தை ஓர் அலுவலரின் விருப்பத்தைப் பொறுத்த உரிமத்தால் காக்க இயலாது என்பர். சீக்கியர்களின் கிர்ப்பான் போல இதற்கும் அரசியலமைப்புப் பாதுகாப்பு வேண்டும் எனக் கொடவ அமைப்புகள் சில கோரி வருகின்றன. தொலைவில் தனித்தமைந்த தோட்ட வீடுகளின் பாதுகாப்பு, யானை, காட்டுப்பன்றி முதலிய விலங்குகளை வெடியொலியால் விரட்ட வேண்டிய தேவை ஆகியனவும் எடுத்துரைக்கப்படுகின்றன. தேர்தல் காலத்தில் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு கேட்கப்படும்போது, விலக்குப் பெற்றோருக்கும் அது பொருந்துமா என்னும் கேள்வி எழுந்துள்ளது.

எதிரான கருத்துகள்

பிறப்பை அடிப்படையாகக் கொண்ட சலுகை சமத்துவக் கொள்கைக்கு ஒவ்வாதது என்பது எதிர்ப்போரின் அடிப்படை வாதம். "போர்க்குடி" என்னும் வகைப்பாடே குடியேற்றவாத ஆட்சியாளர்கள் தம் படைக்கு ஆள் சேர்ப்பதற்காக வளர்த்தெடுத்த கருத்து என்று வரலாற்றாய்வாளர்கள் சுட்டுகின்றனர். ஜம்மா நிலத்தோடு இணைந்திருந்த படைப்பணிக் கடமை மறைந்துவிட்ட பின்னர், கடமைக்காக அளிக்கப்பட்ட சலுகை மட்டும் தொடர்வது எவ்வாறு பொருந்தும் என்பது மற்றொரு கேள்வி.

குடகிலேயே வாழும் பிற மக்களின் நிலையும் இங்குக் கருதத்தக்கது. மாவட்ட மக்கள்தொகையில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் எரவர், தேன் குறும்பர், பெட்டக் குறும்பர் முதலிய பழங்குடியினர். காட்டின் ஓரத்தில் வாழ்வதாலும் தோட்டங்களில் கூலி வேலை செய்வதாலும் யானையின் தாக்குதலுக்கு மிகுதியும் ஆளாகக்கூடியவர்கள் இவர்களே. ஆயினும் ஜம்மா நிலம் இல்லாத இவர்களுக்கு இவ்விலக்கு இல்லை. பாதுகாப்பே காரணம் எனில் விலக்கின் எல்லை வேறாக இருந்திருக்க வேண்டும். எனவே இவ்விலக்கின் உண்மையான அடிப்படை மரபே அன்றித் தேவை அன்று என்பது இதனால் தெளிவாகும். மேலும் வீட்டில் துப்பாக்கி இருப்பதனால் நேரும் விபத்துகளும் குடும்பத் தகராறுகளில் அது பயன்படுத்தப்படும் நிகழ்வுகளும் அவ்வப்போது செய்தி இதழ்களில் வெளிவருகின்றன.

1837 கிளர்ச்சியின் வரலாறும் இவ்விவாதத்தை மேலும் சிக்கலாக்குகிறது. கிளர்ச்சியை அடக்க உதவியோரின் வழித்தோன்றல்களும், கிளர்ச்சியில் தூக்கிலிடப்பட்டவரின் சமூகத்தைச் சேர்ந்த ஜம்மா உரிமையாளர்களும் இன்று ஒரே விலக்கின் கீழ் வருகின்றனர். எனவே இதனை விசுவாசத்துக்கான பரிசு என்றோ மண்ணின் மரபு என்றோ ஒற்றைச் சொல்லில் அடக்குவது கடினம்.

பிற எடுத்துக்காட்டுகள்

ஒரு சமூகத்தின் மரபை முன்னிட்டு ஆயுதச் சட்டத்தில் இடமளிக்கும் வழக்கம் வேறு இடங்களிலும் உண்டு.

சீக்கியர்: கிர்ப்பான் அணிவதும் எடுத்துச் செல்வதும் சீக்கிய சமயத்தைப் பின்பற்றுதலில் அடங்கும் என இந்திய அரசியலமைப்பின் 25-ஆம் உறுப்பின் முதல் விளக்கம் கூறுகிறது. கிர்ப்பான் துப்பாக்கி அன்று, குறுவாள் ஆகும். ஆயினும் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றிருப்பதால் அதன் சட்டநிலை குடகர்களின் விலக்கைவிட வலுவானது.

சீனாவின் பாசா சிற்றூர்: குயிசூ மாகாணத்தின் சோங்சியாங் வட்டத்தில் உள்ள இவ்வூரில் மியாவ் இன மக்கள் வாழ்கின்றனர். துப்பாக்கிக் கட்டுப்பாடு மிகக் கடுமையாக உள்ள சீனாவில், இவ்வூர் ஆண்கள் தம் மரபு வேட்டைத் துப்பாக்கிகளை வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டுள்ளனர்.

கனடா: பழங்குடி மக்களின் மரபுவழி வேட்டையைக் கருத்தில் கொண்டு, துப்பாக்கி உரிமம் பெறும் நடைமுறையை அவர்களுக்கேற்ப மாற்றியமைக்கும் விதிகள் 1998-இல் நடைமுறைக்கு வந்தன. இங்கு உரிமத்திலிருந்து முழு விலக்கு இல்லை. உரிமம் பெறும் வழியே எளிதாக்கப்பட்டுள்ளது.

இவற்றை ஒப்பிட்டு நோக்கினால், சமூக மரபுக்கு இடமளிக்க அரசியலமைப்பு உரிமை, நிர்வாக விலக்கு, நடைமுறைத் தளர்வு என வெவ்வேறு வழிகள் இருப்பது விளங்கும். குடகர்களின் நிலை இவற்றுள் இரண்டாவது வகையைச் சார்ந்தது.

பரவலான தவறான கருத்துகள்

குடகில் வாழும் எவரும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது தவறு. கொடவர் அல்லாதவர், ஜம்மா நிலம் இல்லாதவர் ஆகியோர் மற்ற இந்தியர்களைப் போலவே உரிமம் பெற வேண்டும்.

விலக்கு பெற்றவர் வேட்டையாடலாம் என்பதும் தவறு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனைவருக்கும் பொதுவானது. நாகரகொளே தேசியப் பூங்கா, பிரம்மகிரி, புட்பகிரி, தலைக்காவிரி ஆகிய காப்பகங்கள் குடகில் உள்ளன. அனுமதியின்றிக் காப்பகத்துக்குள் ஆயுதத்துடன் நுழைவதே அச்சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

விலக்கு பெற்றவர் துப்பாக்கியை எவ்வாறும் பயன்படுத்தலாம் என்பதும் தவறு. விலக்கு வைத்திருப்பதற்கும் எடுத்துச் செல்வதற்குமே பொருந்தும். துப்பாக்கியால் பிறருக்குத் தீங்கு விளைவித்தால் குற்றவியல் சட்டம் எல்லோரையும் போலவே அவர் மீதும் பாயும்.

இவ்விலக்கு நிலையானது என்பதும் தவறு. 2019-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி இது 2029 அக்டோபர் 31 அன்று முடிவடைகிறது. அதற்குப் பின்னரும் தொடர வேண்டுமாயின் நடுவண் அரசு மீண்டும் அறிவிக்கை வெளியிட வேண்டும்.